ஆட்டோடு தடுப்பூசியும் சேர்த்துக் கொடுப்போம்

நம் மாவட்டத்தில் கணவரை இழந்த பெண்கள் பலருக்கு நாலைந்து வெள்ளாடுகள்தான் சேமிப்பு. பிள்ளையின் படிப்புச் செலவோ மருத்துவச் செலவோ வந்தால் ஒரு கிடாயை விற்றுச் சமாளிப்பார்கள். இதை அறிந்து, ஏழைகளுக்கு ஆடு வாங்கிக் கொடுக்கும் நல்லுள்ளங்களும் நம்மில் உண்டு. ஆனால் ஆட்டுக்கொல்லி நோய் புகுந்துவிட்டால் அந்தச் சேமிப்பு சில நாட்களிலேயே அழிந்துபோகும்.

பி.பி.ஆர். என்றும் சொல்லப்படும் இந்நோய் ஒரு வைரஸால் வருகிறது. கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாய்ப்புண், இருமல், கழிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். மனிதருக்குத் தொற்றாது. வைரஸை அழிக்கும் மருந்தும் இல்லை. வருமுன் காப்பதே வழி.

இந்தியாவில் இந்நோய் முதலில் கண்டறியப்பட்டது 1987-இல், விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூர் கிராமத்தில். அங்கு கிடைத்த வைரஸையே ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. அதே பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் நம் புதுக்கோட்டையிலும் இருக்கிறது. ஆடு, மாடு, நாட்டுக்கோழி வளர்ப்பில் அங்கே பயிற்சி தருகிறார்கள். சந்தேகங்களையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆடு வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை:

1. நான்கு மாதம் நிறைந்த குட்டிக்கு ஒரு தடவை ஊசி போட்டால் சுமார் மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு. சினை ஆடு என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

2. சந்தைப்பேட்டை ஆட்டுச் சந்தையில் வாங்கிவரும் ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டிய பிறகே மந்தையில் சேருங்கள். ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிப் பல ஊர் ஆடுகள் ஓரிடத்தில் கூடும்போது இதில் கூடுதல் கவனம் தேவை.

3. நோய்கண்ட ஆட்டை உடனே பிரித்துக் கட்டி, அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுங்கள். 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

4. இறந்த ஆட்டைக் கண்மாயிலோ புதரிலோ வீசாதீர்கள். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

ஆடு வழங்க நிய்யத் வைத்திருக்கும் சகோதர சகோதரிகளே! தடுப்பூசி போட்ட ஆட்டையே கொடுங்கள். பெறுகிறவரிடம் ஊசி போட்ட தேதியையும் எழுதிக் கொடுங்கள். தடுப்பூசி முகாம் நடக்கும் நாள் தெரிந்ததும், ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் அறிவிக்கப்படும்.