பள்ளித் தோட்ட மோட்டாருக்கு டைமர்: மழைக்கு முன் பார்க்க வேண்டியவை

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் உள்ளது எங்கள் பள்ளி. விடுமுறை நாள்களிலும் காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய வேண்டும் என்று அரை குதிரைத்திறன் மோட்டாருக்கு டைமர் வைத்தோம். வெளிச்சுவரில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் டைமர். மூடி இறுக்கமாக இருந்ததால் மழை உள்ளே போகாது என்று நம்பினேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. பக்கத்தில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை. பள்ளி திறந்ததும் மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால், அடியில் ஒரு டம்ளர் தண்ணீர்! மூடியின் ரப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல்பக்கத் துளை வழியாக இறங்கிய வயரைப் பிடித்துக்கொண்டே நீர் உள்ளே வந்திருந்தது. பிள்ளைகள் கை கழுவும் குழாய் அங்கிருந்து பத்தடி தூரம்தான்.

இத்தகைய பெட்டிகளில் ஐ.பி. என்று ஓர் எண் இருக்கும். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது நீருக்கு. 44 என்றால் எத்திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். 65 என்றால் தூசு புகாது, குழாயால் பீய்ச்சினாலும் நீர் புகாது. ஆனால் நாம் ஒரு துளை போட்டு அப்படியே விட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வயர் கீழ்ப்பக்கமாக, கிளாண்ட் வழியாக நுழைய வேண்டும். நுழையுமுன் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். ஒரு நூலை வளைத்துப் பிடித்து நீர் ஊற்றினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடப் புரிகிறது.

இன்னொரு சிக்கல் மின்தடை. பேட்டரி இல்லாத, வட்டு சுழலும் டைமரில் மின்சாரம் நின்றால் கடிகாரமும் நின்றுவிடும். பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 வரை மின்சாரம் இல்லாத நாளுக்கு மறுநாள், 6 மணிக்கு ஓட வேண்டிய மோட்டார் 11 மணிக்கு ஓடியது. இடைவேளை நேரம் வேறு. இப்போது வைத்திருப்பது பேட்டரி உள்ள டைமர்.

டைமரில் 16 ஆம்பியர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஹீட்டர் போன்ற சுமைக்கு. மோட்டார் புறப்படும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். டைமரின் உள்தொடுப்புகள் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. ஆகவே டைமருக்கும் மோட்டாருக்கும் இடையில் கான்டாக்டர் வைக்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், நாமல்ல.

எல்லாவற்றிலும் முக்கியம் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. "எம்.சி.பி. இருக்கிறதே சார்" என்பார்கள். 6 ஆம்பியர் எம்.சி.பி. என்பது 6,000 மில்லி ஆம்பியர். ஒரு பிள்ளையின் உயிரைப் பறிக்க அதில் மிகச் சிறு பகுதியே போதும், எம்.சி.பி. அசையாது. ஆர்.சி.சி.பி.யோ போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் தெரிந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை வழிபாடு முடிந்ததும் போய் அதை ஒருமுறை அழுத்துகிறேன். துண்டிக்கவில்லை என்றால் அன்று மோட்டார் ஓடாது, குடத்தில்தான் தண்ணீர்.