ஆகாயத்தில் பதினேழு மணி நேரம்

1943-ஆம் ஆண்டு, உலகப் போர் நிகழ்ந்த காலத்தில், மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகருக்கும் இலங்கையிலுள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே காட்டலீனா என்னும் கடல் விமானங்கள் சென்று வரலாயின. இடையில் எங்கும் இறங்காது அவை பறந்த நேரம் 27 முதல் 33 மணி வரை. ஒரு முறைக்கு மூவர்க்குமேல் பிரயாணிகளுக்கு இடமில்லை. வழியில் இருமுறை கதிரவன் உதிக்கக் காண்டலின், ஏறியவர்க்கு 'இரட்டை உதயம்' கண்டவர் என ஒரு சான்றிதழும் அளித்தனர்.

அதே பெர்த் நகரினின்று லண்டனுக்கு நேரே செல்லும் விமானப் போக்குவரத்து 2018 மார்ச்சு 24-இல் தொடங்கிற்று. தூரம் 14,498 கிலோமீட்டர்; நேரம் ஏறத்தாழ 17 மணி. போயிங் 787 என்னும் அவ்விமானத்தின் 236 ஆசனங்களுள் 166 சிக்கன வகுப்பின. மேல்வகுப்பினர் படுத்துறங்குவர், அவரைப்பற்றி ஈண்டுப் பேச்சில்லை. சிக்கன வகுப்பினரோ வரிசைக்கு ஒன்பதின்மராய், மும்மூவராக அமர்வர். ஓர் ஆசனத்தின் முதுகிலிருந்து முன்னாசனத்தின் முதுகு வரை 32 அங்குலம். ஆசனத்தின் அகலம் 17 அங்குலத்திற்குச் சிறிது மிகும். பெரிய மீனின் வயிற்றில் மூன்று நாள் இருந்த யோனாவுக்கும், முன்னிருப்பவர் தம் ஆசனத்தைப் பின்னே சாய்ப்பாரோ என்னும் அச்சம் இருந்ததில்லை.

உடல் படும் பாட்டிற்கு இடநெருக்கம் ஒன்றே காரணமென்று கருதற்க. விமானம் பறக்கும் உயரத்தில் வெளிக்காற்று உறைநிலைக்கு 50 பாகைக்கும் கீழே குளிர்ந்திருத்தலின் அதில் ஈரம் இல்லையென்றே கூறலாம். அக்காற்றையே அழுத்திச் சூடேற்றி உள்ளே விடுகின்றனர். ஆகவே நா வறளுகின்றது; கண் எரிகின்றது; மூக்கு உலர்கின்றது. சிறிது சிறிதாக அடிக்கடி நீர் அருந்துதலே இதற்கு மருந்து. உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் தரையிலுள்ளதை ஒவ்வாது. இவ்வகை விமானத்தில் அது 6,000 அடி உயரத்து, அதாவது குன்னூர் மலையின் அழுத்தத்தை ஒக்கும். பிறவற்றில் 8,000 அடி வரையும் செல்லும். அழுத்தம் குறையவே வயிற்றிலுள்ள வாயு விரிகின்றது. ஏறுமுன் மொச்சையும் சோடாவும் விலக்கி, இடுப்பைத் தளர்த்திக் கொள்பவர் அறிவுடையார். இறங்குங்கால் காது அடைத்தால், மூக்கைப் பிடித்து வாயை மூடி மெல்ல ஊதுக. விழுங்குதலும் கொட்டாவி விடுதலும் அதற்கு உதவும்.

இவையெல்லாம் பொறுக்கத்தக்கவையே. பொறுத்திருத்தலே கேடாக முடிவதும் ஒன்று உண்டு. காலின் ஆழ்நாளங்களிலுள்ள இரத்தம் மேலேற வேண்டுமாயின் கெண்டைச்சதை சுருங்கி அதனை உந்துதல் வேண்டும். அசையாது நெடுநேரம் அமர்ந்திருப்பார்க்கு அவ்வுந்துதல் இல்லை. இரத்தம் தேங்கி உறையக்கூடும். அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடையுமாயின் உயிர்க்கே இறுதி நேரவும் கூடும். 1940-இல் லண்டன் மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி, பதுங்கிடங்களில் துணிநாற்காலிகளின்மேல் இரவெல்லாம் அமர்ந்திருந்தபோது இவ்வாறு இறந்தார் தொகை பெருகியதைக் கீத் சிம்சன் என்னும் மருத்துவர் எடுத்துக் காட்டினார். 1977-இல் இதற்குச் 'சிக்கன வகுப்பு நோய்' என்று பெயரிட்டனர். பொருந்தாப் பெயர் அது. மேல்வகுப்பிலும், புகைவண்டியிலும், பஸ்ஸிலும் அசையாதிருப்பார்க்கு இது வரலாம். நான்கு மணிக்கு மேற்பட்ட பிரயாணம் இவ்வபாயத்தை இருமடங்காக்கும் என்றும், ஆயினும் நலமுடையாருள் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவர்க்கே இது நேரும் என்றும் 2007-இல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி கண்டது.

ஆதலின் இரண்டொரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடத்தல் வேண்டும். அமர்ந்திருக்கும்போதும் குதிகாலையும் முன்காலையும் மாறிமாறி உயர்த்தலாம். கால் வைக்குமிடத்தில் பையைத் திணித்து வைத்தல் தவறு. சாளரத்தோரம் இருப்பவர் பக்கத்தாரை எழுப்ப நாணி எட்டு மணி நேரம் மரம்போல் இருப்பதை நாகரிகம் என்று எண்ணுவர், அந்நாகரிகம் வேண்டற்பாலதன்று. தூக்க மாத்திரையும் மதுவும் அசைவைக் கெடுப்பன. முன்னர் இந்நோயுற்றவரும், அண்மையில் ரணசிகிச்சை பெற்றவரும், கருவுற்றாரும் மருத்துவரைக் கேட்டே ஏறுதல் நன்று. இறங்கிச் சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலும், திடீரென மூச்சுத் திணறினாலும் ஆஸ்பத்திரிக்கு விரைதல் வேண்டும்.

உணவு சுவையற்றதென்று சமைத்தவரை நோவார் பலர். வறண்ட காற்றும், குறைந்த அழுத்தமும், ஓயாத இரைச்சலும் உப்பையும் இனிப்பையும் மழுக்குகின்றன. தரையில் தக்காளிச்சாற்றை விரும்பாதாரும் ஆகாயத்தில் அதனைக் கேட்டுப் பருகுவது இதனாற்போலும்.

காலக் கணக்கு ஒன்று எஞ்சி நிற்கிறது. குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் பெர்த் கடிகாரத்திற்கு எட்டு மணி பின்தங்கியது. மாலையில் ஏறி மேற்கே செல்வார்க்கு இரவு நீண்டுகொண்டே போகும். இறங்கும்போது அங்கு விடியற்காலம், உடலுக்கோ நடுப்பகல் கழிந்த நேரம். உடல் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணியளவே ஒத்துவரும். ஏறியவுடன் கடிகாரத்தை லண்டன் நேரத்திற்குத் திருப்பி, முற்பாதியில் விழித்திருந்து பிற்பாதியில் உறங்கலாம். இறங்கிய நாள் மாலை வெளிச்சத்தில் உலாவி, ஒன்பது மணி வரை கட்டிலை நாடாதிருப்பது நலம். அங்ஙனஞ் செய்தும் மறுநாள் மூன்று மணிக்கே பசி எழுப்பினால், இரண்டு ரொட்டித்துண்டு கைவசம் இருக்கட்டும்.