ஆட்டுப் பண்ணைக்கு மேய்ப்பு நாய் வாங்கலாமா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

விசில் சத்தத்தைக் கேட்டு ஒரே ஒரு நாய் நூற்றுக்கணக்கான செம்மறிகளைப் பட்டிக்குள் அடைக்கும் வீடியோக்களைப் பலரும் பார்த்திருப்போம். மேய்ச்சலுக்கு ஆள் கிடைக்காத நிலையில், நம் பண்ணைக்கும் இப்படி ஒன்று இருந்தால் நல்லது என்ற எண்ணம் வருவது இயல்புதான். ஆனால், குட்டியை வாங்கி வந்துவிட்டால் மட்டும் அந்த வேலை நடந்துவிடாது. அதற்குத் தினமும் கொடுக்க வேலையும், பழக்க நேரமும் உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

மேய்ப்பு நாய் வேறு, காவல் நாய் வேறு

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் உருவான இனம் பார்டர் கோலி. 1893-ல் பிறந்த 'ஓல்ட் ஹெம்ப்' என்ற நாயின் வழிவந்தவையே இன்றைய பார்டர் கோலிகள். ஓநாய் இரையைப் பதுங்கிப் பார்ப்பதும், சுற்றி வளைப்பதும், விரட்டுவதும் இந்த நாயிடம் அப்படியே இருக்கும். கடித்துக் கொல்லும் குணத்தை மட்டும் பல தலைமுறைத் தேர்வின் மூலம் குறைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் அதிகம் விற்கப்படும் ஜெர்மன் ஷெப்பர்டும் மேய்ப்பு இனம்தான். 1899-ல் ஜெர்மனியில் மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்பவர் இதைத் தனி இனமாகப் பதிவு செய்தார். ஆடுகள் பக்கத்து வயலில் இறங்காதபடி ஓரமாக ஓடி ஓடி வேலிபோல நிற்பதுதான் இதன் பழைய வேலை. பிறகுதான் காவல்துறைக்கும் ராணுவத்துக்கும் போனது.

நம் நாட்டு இனங்கள் வேறு வேலைக்கானவை. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டியவை. ராஜபாளையமும் கோம்பையும் வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனவை. கிடை போடுபவர்களுடன் செல்லும் நாய்களும் இரவுக் காவலுக்கே பயன்படுகின்றன. நம் ஊரில் ஆடுகளை ஓட்டுவது பெரும்பாலும் மனிதர்தான்.

உங்கள் மந்தைக்கு எது தேவை?

கொட்டில் முறையிலோ, பரண் மேலோ ஆடு வளர்த்தால் மேய்ப்பு நாய்க்கு அங்கே வேலையே இல்லை.

செம்மறிகள் பயந்தால் ஒன்றாகக் கூடும். அதனால்தான் நாயால் அவற்றை ஓட்ட முடிகிறது. வெள்ளாடுகள் அப்படியல்ல. சிதறி ஓடும், சில ஆடுகள் திரும்பி நின்று முட்டும். வெள்ளாடு வைத்திருப்பவர்களுக்கு நாயைப் பழக்குவது இன்னும் சிரமம். சின்னச் சின்னத் துண்டு நிலங்களும் வேலியில்லாத பயிரும் உள்ள இடத்தில், அரைகுறையாகப் பழகிய நாய் ஆடுகளை அடுத்தவர் கடலைக் காட்டுக்குள் விரட்டிவிடும்.

ஆடு திருட்டும், பட்டிக்குள் புகுந்து கடிக்கும் தெருநாய்களும்தான் உங்கள் கவலை என்றால், உங்களுக்குத் தேவை காவல் நாய். 14 முதல் 20 கிலோ எடையுள்ள பார்டர் கோலியால் தெருநாய்க் கூட்டத்தை எதிர்த்து நிற்க முடியாது. அந்தப் பணத்தில் பட்டிக்கு உயரமான கம்பிவலையும் விளக்கும் போட்டு, உள்ளூர் நாய் ஒன்றைக் குட்டியிலிருந்தே ஆடுகளோடு பழக்குவது பலன் தரும்.

வேலை இல்லாவிட்டால்?

பார்டர் கோலிக்குத் தினமும் 2 மணி நேரமாவது ஓட்டமும், மூளைக்கு வேலையும் வேண்டும். கிடைக்காவிட்டால் தானாகவே வேலை தேடிக்கொள்ளும். கோழிகளை விரட்டும், பைக்கின் பின்னால் ஓடும், ஓடியாடும் குழந்தைகளை மூலையில் மடக்கிக் குதிகாலைக் கவ்வும். இது வெறியல்ல, பிறவிக்குணம். ஆனாலும் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் ஆபத்துதான்.

ஆளில்லாத நேரத்தில் ஆடுகளை விரட்டத் தொடங்கினால் நஷ்டம் பெரிது. சினை ஆடுகள் குட்டி வீசிவிடக்கூடும். சங்கிலியில் கட்டிப்போடுவதும் தீர்வாகாது. கட்டிக்கிடக்கும் நாய் ஓயாமல் குரைக்கும், நாளடைவில் கடிக்கப் பழகும். இப்படிப்பட்ட நாய்கள்தான் கடைசியில் சாலையோரம் விடப்படுகின்றன.

பழக்குவது எப்போது?

வா, உட்கார், நில் போன்ற அடிப்படைக் கட்டளைகளை 2 முதல் 3 மாத வயதிலேயே தொடங்கலாம். ஆடுகளோடு பழக்குவதை, நாய் ஆட்டைவிட வேகமாக ஓடும் உடற்கட்டு பெற்ற பிறகே, அதாவது 8 மாதம் முதல் ஒரு வயதுக்குள் தொடங்க வேண்டும். ஒரே ஆள், ஒரே சொற்களில், தினமும் சொல்லித்தர வேண்டும். முழுமையாக வேலைக்கு வர 2 வயதுகூட ஆகலாம்.

வெயிலும் மருந்தும்

இந்த இனங்களுக்கு இரண்டு அடுக்கு முடி உண்டு. காலை, மாலையில் மட்டும் வேலை வாங்குங்கள். நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். முடியை மொட்டையடிக்கக் கூடாது, சீவிவிட்டாலே போதும். உண்ணி மூலம் ரத்த ஒட்டுண்ணி நோய்கள் வருவதால் வாரம் ஒருமுறையாவது காது, விரலிடுக்குகளைப் பாருங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: ஆடு, மாடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டின் மருந்தைக் கோலி வகை நாய்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். மரபணுக் குறைபாடு காரணமாக இவற்றில் பல நாய்களுக்கு அந்த மருந்து மூளைக்குள் சென்று உயிரையே பறிக்கும். ஜெர்மன் ஷெப்பர்டிலும் சிலவற்றுக்கு இது உண்டு. மருந்து போட்ட ஆடு, மாடுகளின் சாணத்தைத் தின்றாலும் ஆபத்து. எந்தக் குடற்புழு மருந்தானாலும் கால்நடை மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள்.

ஆட்டுத் தலையையும் ஈரல், நுரையீரலையும் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். அதிலிருந்து வரும் நாடாப்புழுவின் முட்டை நாயின் மலம் வழியே மேய்ச்சல் நிலத்தில் பரவி, ஆடு தலையைச் சாய்த்துச் சுற்றும் நோயை உண்டாக்கும். வெறிநோய்த் தடுப்பூசியை 3 மாத வயதில் போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

வாங்கும் முன் உங்களையே கேளுங்கள்

* தினமும் ஓட்டிச் சென்று மேய்க்கும் மந்தை இருக்கிறதா?
* நாயோடு தினமும் 2 மணி நேரம் செலவிட ஒரே ஆள் இருக்கிறாரா?
* சிறு குழந்தைகள், கோழிகள், வண்டி ஓடும் சாலை அருகில் உள்ளனவா?
* 12 முதல் 15 ஆண்டுகளுக்குத் தீவனம், தடுப்பூசி, சிகிச்சைச் செலவு தாங்குமா?
* தாய், தந்தை நாய்கள் வேலை செய்வதை நேரில் பார்த்தீர்களா? ஜெர்மன் ஷெப்பர்டு என்றால், அவற்றின் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்களா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் 'ஆம்' என்று சொல்ல முடியாவிட்டால் மேய்ப்பு நாய் வேண்டாம். காவலுக்கு நாட்டு நாயே போதும். சந்தேகம் இருந்தால், குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் ஆலோசனை கேளுங்கள்.