முற்றத்துப் பூந்தோட்டம் புகட்டும் கல்வி

குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிக் கூறிய 99 மலர்ப் பெயர்களையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்க வல்ல மாணவர் நம்மிடையே உளர். அவற்றுள் ஒன்பதையேனும் செடியிற் கண்டு இனங்காட்ட வல்லார் மிகச் சிலரே. இக்குறை நீங்கப் பெரியதொரு நந்தவனம் வேண்டுவதில்லை. வீட்டு முற்றத்தில் நான்கு பாத்தியும், கிணற்றடியிலிருந்து வழிந்தோடும் நீரும் அமையும்.

புதிதாகத் தொடங்குவார்க்கு ஏற்றது செவ்வரத்தை. சற்றே முற்றிய கொம்பொன்றை அரைமுழ அளவில் வெட்டி, இலைகளைக் களைந்து, நிழலில் நட்டு ஈரங் காத்துவரின் அது வேரூன்றும். இலைகளைக் களைவது எற்றுக்கு? வேரற்ற கொம்பு நீரை வேண்டிய அளவு உறிஞ்சமாட்டாது. இலையோ நீரை ஓயாது ஆவியாக்கிக்கொண்டிருக்கும். வரவு குறைந்த வீட்டிலே செலவைச் சுருக்குதல் போன்றதே இச்செயல். மல்லிகைக்குப் பதியம் வைத்தல் சிறந்தது. தாழ்ந்த கொடியொன்றின் பட்டையைக் கணுவின் அருகே சிறிது சீவி மண்ணுட் பதித்தால், இலையில் உண்டாகிப் பட்டை வழியே இறங்கும் உணவு அக்காயத்தருகே தேங்க, ஆங்கே வேர் அரும்பும். தாவரவியல் ஏட்டிலே படமாக வரைந்து மனனஞ் செய்த செய்தி, இங்கே மண்ணும் ஈரமுமாய்க் கைக்குள் வந்து சேர்கின்றது.

இனி, வெட்சியைக் காண்போம். புறத்திணை கற்றோர்க்கு வெட்சி என்றதும் ஆநிரை கவர்தலே நினைவில் எழும். அதனை யாழ்ப்பாணத்து வளவொன்றில் நட்டுப் பார்த்தவர்க்கோ வேறொரு செய்தி புலனாகும். நன்கு தழைத்த செடியின் இளந்தளிர்கள், நரம்புகள் மட்டும் பசுமையாய் நிற்க, மெல்ல மஞ்சளிக்கும். இஃது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. செம்பாட்டு மண்ணுக்குச் செந்நிறம் தருவதே இரும்பன்றோ! இருந்தும் செடி இரும்பின்றி வாடுவது வியப்பே. காரணம் நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக் கற்பாறை. அதனூடு ஊறிவரும் கிணற்று நீர் சுண்ணாம்பைச் சுமந்து வந்து மண்ணைக் காரத்தன்மை உடையதாக்க, இரும்பு நீரிற் கரையாது நின்றுவிடுகின்றது. கரையாததை வேர் உண்ணுதல் இயலாது. மக்கிய இலையெருவை மிகுதியாக இடுதலும், கூரையிலிருந்து வழியும் மழைநீரைச் சேமித்து ஊற்றுதலும் பயன் தரும். ரோசாவுக்கும் இந்நோயுண்டு, மருந்தும் இதுவே. இவ்வொரு செடியின் நோயைத் தேடப் புகுந்தவன் இரசாயனமும் புவியியலும் ஒருங்கே கற்றவனாகின்றான். இத்தகைய இன்பம் பூவைப் பறிப்பதில் உண்டோ என்பது ஐயமே.

குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. ஐப்பசி, கார்த்திகை மாரியே கிணறுகளை நிரப்புகின்றது. ஆகவே நீரைச் சிக்கனமாய்ப் பயன்படுத்தல் வேண்டும். பாத்தியின்மேல் பூவரசங்குழையைப் பரப்பிவிடின் ஈரம் விரைவில் உலராது. பின்னர் அதுவே எருவுமாகும்.

மாரி ஓய்ந்தபின் மல்லிகையின் பழங்கொடிகளைத் துணிந்து கவாத்துச் செய்தல் வேண்டும். வெட்டுவதற்குக் கை கூசுவோர் பலர்; எனினும் மல்லிகை அரும்புவது புதுத் தளிர்களின் நுனியிலேதான். கோடையில் அது பூக்குங்கால், அன்றிரவு மலர்வது எது, மறுநாள்வரை பொறுப்பது எது என மாலையில் தெரிந்து பறித்தல் ஒரு கலை. பசுமை நீங்கி வெண்மையுற்றுப் பருத்தது அன்றைக்குரியது. அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ என நம் முன்னோர் ஒரு பூவின் பருவங்களுக்கு வெவ்வேறு பெயரிட்டமை வெறுஞ் சொல்லலங்காரம் அன்றென்பதை, அந்திப் பொழுதிலே மல்லிகைப் பாத்தியருகே குனிந்து நிற்கும் சிறுவனும் உணர்வான்.