தளத்திற்கு மேலா, கீழா?

சித்திரை மாதத்து இரவு, மணி ஒன்பது. தெருவில் நிற்பவருக்கு வெக்கை அவ்வளவாகத் தெரிவதில்லை. காற்றுகூட மெல்ல வீசுகிறது. ஆனால் கான்கிரீட் தளம் போட்ட வீட்டின் மேல்மாடி அறைக்குள் நுழைந்தால் அடுப்பங்கரைக்குள் நுழைந்தது போல இருக்கிறது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது. முதியவர்களால் அப்படிப் போக முடிவதில்லை, விடியும்வரை புரண்டுகொண்டிருக்கிறார்கள். வெயில் மறைந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டதே, இந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது?

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு முக்காலியின் மேல் ஏறி, உள்ளங்கையைத் தளத்தைப் பார்த்தபடி உயர்த்துங்கள். தளத்தைத் தொட வேண்டாம். ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கையில் கதகதப்பு உறைக்கும். இப்போது கைக்கும் தளத்திற்கும் நடுவே ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டுங்கள். கதகதப்பு சட்டென்று குறைவதை உணர்வீர்கள். சூடான காற்று இலேசானது. மேலேயே தங்கிவிடும், தானாகக் கீழே இறங்காது. ஆகவே உங்கள் கையைச் சுட்டது காற்று அன்று. தளத்தினின்று வரும் அகச்சிவப்புக் கதிர்களே அவை. மின்விசிறி காற்றை விரட்டும். கதிர்வீச்சை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

தளத்தில் எவ்வளவு வெப்பம் தேங்கியிருக்கிறது என்று கணக்கிடலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 11 சதுர மீட்டர். தளத்தின் கனம் 12 செ.மீ. என்றால் அதன் நிறை ஏறத்தாழ 3,200 கிலோகிராம். மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு பாறையின் கீழே நாம் படுத்திருக்கிறோம்! இந்தப் பாறை 10 டிகிரி செல்சியஸ் குளிர வேண்டுமானால் 28 மெகாஜூல் வெப்பத்தை வெளியே விட வேண்டும். ஆயிரம் வாட் மின்அடுப்பு ஒன்றை ஏறத்தாழ எட்டு மணி நேரம் எரியவிடுவதற்கு இது சமம். இதில் ஒரு பகுதி வானத்திற்குப் போகும். மறு பகுதி நம் தலைமேல் இறங்கும். மேலும், 12 செ.மீ. கான்கிரீட்டை வெப்ப அலை கடந்துவர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். உச்சிப் பொழுதில் மேலே விழுந்த வெயில் மாலையில்தான் உள்ளே வந்து சேருகிறது.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக வெப்பத்தடுப்புப் பொருள்கள் பலவற்றை இன்று கடைகளில் விற்கிறார்கள். எதை வாங்குவது, அதை எங்கே வைப்பது என்னும் இரண்டு கேள்விகளில் பெரும்பாலோர் முதல் கேள்வியை மட்டுமே கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். மேல்தளத்தில் வாடகைக்குக் குடியிருந்தபோது, தெர்மோகோல் பலகைகளை வாங்கித் தளத்தின் அடியில் நானே பசைபோட்டு ஒட்டினேன். சித்திரை முடிவதற்குள் பசை இளகி, பாதிப் பலகைகள் கட்டிலின் மேல் விழுந்தன. வகுப்பில் வெப்பக் கடத்தல் நடத்துகிற ஆசிரியரின் நிலை இது! பசையின் குற்றம் ஒருபுறம் இருக்கட்டும். பலகையை வைத்த இடமே சரியில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஐஸ் விற்பவர் பனிக்கட்டிப் பாளத்தின் மேல் மரத்தூளைக் கொட்டிச் சாக்கால் மூடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். மரத்தூளுக்குள் சிறைப்பட்ட காற்றே அங்கே வேலை செய்கிறது. கம்பளியும் பஞ்சும் உடம்பின் சூட்டைக் காப்பதற்கு அவற்றின் இழைகளுக்கிடையே தங்கிய காற்றே காரணம் என்பதை ரம்ஃபோர்டு பிரபு தம் சோதனைகளிலிருந்து 1792-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் கூறினார். தெர்மோகோலும் கண்ணாடிப் பஞ்சும் இதே உத்தியைக் கையாளுகின்றன. தெர்மோகோல் பலகையில் 95 சதவீதத்திற்கு மேல் காற்றுதான்.

ஒரு மீட்டர் கனமும் ஒரு சதுர மீட்டர் பரப்பும் கொண்ட பொருளின் இரு பக்கங்களுக்கிடையே ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், ஒரு வினாடியில் எத்தனை ஜூல் வெப்பம் பாய்கிறதோ அதுவே அப்பொருளின் கடத்துதிறன். கான்கிரீட்டுக்கு இது ஏறத்தாழ 1.6, செங்கல்லுக்கு 0.8, மரத்துக்கு 0.15, கண்ணாடிப் பஞ்சுக்கு 0.04, தெர்மோகோலுக்கு 0.035; அசையாத காற்றுக்கு 0.026. கனத்தைக் கடத்துதிறனால் வகுத்தால் கிடைப்பது வெப்பத் தடை. ஐந்து செ.மீ. தெர்மோகோல் தருகிற தடையைக் கான்கிரீட்டால் பெற வேண்டுமானால் இரண்டேகால் மீட்டர் கனத்திற்குத் தளம் போட வேண்டும். கோயில் சுவர்களில்கூட அத்தகைய கனம் எல்லா இடத்திலும் இல்லை.

இனி நம் அறைக்கு வருவோம். சென்னையில் ஏப்ரல் 24-ஆம் நாளை ஒட்டிச் சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கிறது. மதுரையில் அதற்கு ஒரு வாரம் முன்பாகவே. அப்போது தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழுகிறது. பாசி படிந்த பழைய கான்கிரீட் இதில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கி, 60 டிகிரி வரை சூடேறும். அறைக்குள் 32 டிகிரி என்று கொண்டால், வெறும் தளத்தின் வழியே சதுர மீட்டருக்கு 114 வாட், அதாவது அறை முழுவதற்கும் ஏறத்தாழ 1,250 வாட் கீழே பாயும். வெப்பநிலைகள் மாறாமல் நிலைத்து நின்றால் கிடைக்கும் மேல்வரம்பு இது. உண்மையில் ஒரு பங்கு தளத்தைச் சூடாக்குவதிலேயே செலவாகி, நாம் மேலே கண்டபடி இரவுக்குச் சேமிக்கப்படுகிறது.

தளத்தின் மேல் 5 செ.மீ. தெர்மோகோல் இருந்தால் இந்த 1,250 வாட் ஏறத்தாழ 220 வாட் ஆகிவிடும். இது பெரிய வெற்றிதான். ஆனால் தெர்மோகோலே இல்லாமல் தளத்திற்கு நல்ல வெள்ளைப் பூச்சு மட்டும் கொடுத்துப் பாருங்கள். புதிய வெள்ளை, வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். தளம் 60-க்குப் பதில் 42 டிகிரியை ஒட்டி நிற்கும். உள்ளே வருவது ஏறத்தாழ 450 வாட்டாகக் குறைந்துவிடும். ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் இரண்டு ஆள் கூலியும் செய்கிற வேலை இது. பொங்கலுக்குச் சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடிக்கிறோம். வெயிலை நேராக வாங்குகிற மொட்டை மாடியை மட்டும் மறந்துவிடுகிறோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை தொடங்குவதற்கு முன்னால் வருகிற தை மாதத்தைவிட இதற்குப் பொருத்தமான காலம் வேறில்லை. புழுதி படிந்தால் வெள்ளை மங்கும்; மாதம் ஒருமுறை கழுவிவிட வேண்டும்.

"வெள்ளைக்குப் பதில் வெள்ளி நிறத்தில் அலுமினியப் பூச்சுப் பூசினால் இன்னும் பளபளப்பாக இருக்குமே?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பளபளப்பைக் கண்டு ஏமாறக் கூடாது. சுண்ணாம்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வெள்ளை; அகச்சிவப்பிலோ ஏறத்தாழக் கறுப்பு. ஆகையால் பகலில் வெயிலைத் திருப்பியனுப்பும் அதே பூச்சு, இரவில் தளத்தின் வெப்பத்தை வானத்தை நோக்கித் தாராளமாகக் கதிர்வீசும். பளபளப்பான உலோகம் வெயிலைத் திருப்பினாலும் தன் வெப்பத்தைக் கதிர்வீசி விடுவதில் மகா கஞ்சன். வெயிலில் நிறுத்திய எவர்சில்வர் குடம் எப்படிச் சுடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. பலகையைத் தளத்திற்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா? தடைகளைக் கூட்டுகிற கணக்கின்படி இரண்டும் ஒன்றே. ஏழும் மூன்றும் பத்து, மூன்றும் ஏழும் பத்து. ஆனால் அந்த மூன்று டன் பாறையைக் கணக்கில் சேர்த்தால் நிலைமை மாறிவிடுகிறது. பலகை கீழே இருந்தால், வெயில் முதலில் தளத்தைத்தான் காய்ச்சும். பகலெல்லாம் காய்ந்து இரவில் ஆறும் தளம் நீண்டும் சுருங்கியும் கொண்டிருக்கும். பத்து மீட்டர் நீளத் தளம் 25 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். தளமும் சுவரும் சேருமிடத்தில் ஓடும் வெடிப்புகள் பலவற்றுக்கு இதுவே காரணம். பலகை மேலே இருந்தால் தளம் வெயிலையே காண்பதில்லை. அது அறையின் பக்கத்தைச் சேர்ந்துவிடுகிறது. இரவில் சன்னல்களைத் திறந்துவைத்து அதைக் குளிரவிட்டால், மறுநாள் பகலில் அறையின் வெப்பத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். நமக்கு எதிரியாக இருந்த பாறை நம் பக்கம் வந்துவிடுகிறது!

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மேலே போர்த்திய பலகை, பகலில் வெப்பம் வருவதைத் தடுப்பது போலவே இரவில் அது வானத்திற்குப் போவதையும் தடுக்கும். சுவர் வழியாகவும் சன்னல் வழியாகவும் பகலில் புகுந்த வெப்பம் வெளியேற வேறு வழி வேண்டும். கொசுவுக்கும் திருடனுக்கும் பயந்து எல்லாச் சன்னல்களையும் அடைத்துப் படுப்பவர்கள், வலை அடித்த சன்னல் ஒன்றுக்கு முதலில் செலவிடுவது நல்லது. ஏ.சி. வைத்த அறைக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே வெப்பத்தடுப்பு, மின்கட்டணத்தில் தன் விலையைத் தானே திருப்பித் தந்துவிடும்.

நம் பழைய கட்டடங்களின் மெட்ராஸ் டெரஸ் தளத்தை இங்கே குறிப்பிட வேண்டும். மர உத்தரங்களின் மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் பரப்பி, தட்டோடு பதிப்பார்கள். இன்று கான்கிரீட்டின் மேல் கொத்தனார்கள் போடும் 'வெதரிங் கோர்ஸ்' இதன் வழிவந்ததே. மழைநீரை வடிப்பதற்கு இது மிக நல்லது. ஆனால் வெப்பத்தைத் தடுக்க இது மட்டும் போதும் என்று நம்பிவிடக் கூடாது. சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, வெறும் தளம் 3.5 வாட் விடுகிறது, பத்து செ.மீ. வெதரிங் கோர்ஸ் சேர்ந்தால் 2.4. குடியிருப்புகளுக்காக மைய அரசு 2018-இல் வெளியிட்ட ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்போ கூரைக்கு 1.2 வாட்டுக்கு மேல் கூடாது என்கிறது. தளத்திற்கும் வெதரிங் கோர்ஸுக்கும் நடுவே வெறும் 2 செ.மீ. தெர்மோகோல் சேர்த்தால் போதும், 1.0-க்கு வந்துவிடும். புது வீடு கட்டுகிறவர்கள் இதைக் கொத்தனாரிடம் தளவேலைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு உடைத்துப் போடுவது வீண் செலவு.

இந்தப் பலகை நனையக் கூடாது. தண்ணீரின் கடத்துதிறன் 0.6, காற்றைப்போல இருபது மடங்குக்கு மேல். துளைகளில் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால் பலகை வெறும் சுமைதான். ஐப்பசி மழைக்குத் தாங்கும்படி நீர்க்காப்புப் பூச்சும் வாட்டமும் சரியாக இருக்க வேண்டும். கூடுதல் விலை கொடுக்க முடிந்தவர்கள், நீர் புகாத மூடிய அறைகளைக் கொண்ட எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன் பலகையை வாங்கலாம். எந்தப் பாலிஸ்டைரீனும் தீப்பற்றக்கூடியது. மேலே சிமென்டும் ஓடும் மூடியிருந்தால் அச்சமில்லை; அறைக்குள் கூரையடியில் திறந்தபடி ஒட்டுவது, பசை இளகாவிட்டாலும், ஆபத்தானது.

கல்நார் சிமென்ட் தகடோ இரும்புத் தகடோ வேய்ந்த வீடுகளுக்கு வழி வேறு. அங்கே தேக்கிவைக்கும் பாறை இல்லை. வெயில் ஏறியவுடன் தகடு கீழே கதிர்வீசத் தொடங்கிவிடும். தகட்டுக்கு ஒரு சாண் கீழே, பளபளப்பான அலுமினியத் தாள் ஒட்டிய விரிப்பைக் கட்டினால் அந்தக் கதிர்வீச்சில் பெரும்பகுதி தடைபடும். தாளுக்கும் தகட்டுக்கும் இடையே காற்றுவெளி இருந்தே ஆக வேண்டும். இரண்டையும் ஒட்டிவிட்டால் அலுமினியம் வெப்பத்தை விரைந்து கடத்தும் உலோகம் மட்டுமே. தாளின் மேற்பக்கம் தூசி படிந்து மங்கும், கீழ்ப்பக்கம் படியாது. எனவே இரு பக்கமும் பளபளக்கும் விரிப்பாகப் பார்த்து வாங்குங்கள். கல்நார்த் தகட்டில் மட்டும் துளையிடவோ அறுக்கவோ வேண்டாம். அதன் இழைத்தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் கொடிய நோயாக வெளிப்படும். விரிப்பைச் சட்டங்களில் கட்டிக்கொள்ளலாம்.

தளத்தின் மேல் பந்தலிட்டுக் கீற்று வேய்வதும் நல்ல முறையே. வெயில் கீற்றோடு நின்றுவிடும். இடையே புகும் காற்று வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். தீக்கும் புயலுக்கும் அஞ்ச வேண்டும் என்பதே குறை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? சொந்தக்காரர் சம்மதித்தால் சுண்ணாம்பு அடிக்கலாம்; அதற்கும் சம்மதிக்காதவர்கள் இருக்கிறார்கள். அப்போது மிஞ்சுவது தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நம் தளத்தின் ஒரு சதுர மீட்டர் 10 டிகிரி குளிர்வதற்கு விடவேண்டிய வெப்பமோ 2.5 மெகாஜூல். ஆக, அறை முழுவதற்கும் கணக்குப்படி ஒரு வாளித் தண்ணீர், 12 லிட்டர் போதும். தெளித்த நீரெல்லாம் தளத்தின் வெப்பத்தையே எடுத்துக்கொண்டு ஆவியாவதில்லை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் ஆவியாதலும் மெதுவாகவே நடக்கும். ஆகவே இரண்டு வாளியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் வடிகுழாயில் ஓடிவிடும். பழைய சாக்குகளை விரித்து, மாலை ஐந்து மணிக்கு ஒரு வாளியும், அவை காய்ந்தபின் மற்றொரு வாளியுமாகத் தெளியுங்கள். தளத்தில் வெடிப்பு இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.