மாற்றும் போலியும்: பழைய கணிப்பொறிப் பலகைக்கு உறுப்புத் தேர்வு

முன்னுரை

தமிழ் இலக்கணத்தில் 'போலி' என்றொரு பகுதி உண்டு. ஒரு சொல்லில் ஓரெழுத்து நின்ற இடத்தில் வேறோரெழுத்து வந்து நின்றும் பொருள் மாறாதிருப்பின் அதனைப் போலி என்பர். நிலம் 'நிலன்' ஆவதும் முகம் 'முகன்' ஆவதும் கடைப்போலி. அதே மாற்றத்தைப் 'பலம்' என்னும் சொல்லில் செய்தாலோ 'பலன்' என்றாகி, வலிமை என்னும் பொருள் நீங்கிப் பயன் என்னும் பொருள் வந்துவிடுகின்றது. மாற்றம் ஒன்றே, ஓரிடத்தில் பொருந்தியது மற்றோரிடத்தில் பொருந்தவில்லை. உலக வழக்கிலோ போலி என்பது ஏமாற்றுச் சரக்கையும் குறிக்கும். பழைய கணிப்பொறிப் பலகையைத் தம் கையால் கட்ட முனைவோர் இவ்விரு பொருளையும் உணர்ந்திருத்தல் வேண்டும். கிடைக்காத உறுப்புக்கு ஈடாக எதனை எவ்வாறு தேர்வது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

தேவை எழும் இடம்

இன்டெல் நிறுவனத்தின் 8085 நுண்செயலி 1976இல் வெளிவந்தது. நம் மாநிலத்துப் பொறியியல், பலதொழில்நுட்பக் கல்லூரிகளில் நுண்செயலிப் பாடம் என்றாலே 8085 என்னுமளவிற்கு அது நீண்டகாலம் வேரூன்றியிருந்தது. அக்காலத்துத் தொழிற்சாலை எந்திரங்கள் பலவற்றின் கட்டுப்பாட்டுப் பலகைகளிலும் 8085, இசட்80 ஆகியவையே இடம்பெற்றன. இசட்80இன் மூலச் சில்லுக்கு 2024 ஜூன் திங்களோடு முன்பதிவு முடிவதாக சைலாக் நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலில் அறிவித்தது. ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டு வாழ்வு அவ்வாறு நிறைவுற்றது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் உள்ள சிறு பட்டறைக்காரருக்கு இது வெறும் பொழுதுபோக்கன்று. பழைய எந்திரம் ஒன்று ஒரு சில்லுக்காக முடங்கினால், புதிய எந்திரம் வாங்கும் முதல் அவரிடம் இராது. அவ்வேளையில் சரியான மாற்றினை அறிந்த தொழிலாளியே அப்பட்டறையின் பிழைப்பைக் காப்பவர். ஒற்றைப் பலகைக் கணிப்பொறியைத் தாமே கட்டிப் பழகும் மாணவர் அவ்வறிவைக் குறைந்த செலவில் பெறுகின்றார்.

கால்களின் ஒழுங்கு

முதற்சோதனை, கால்களின் வரிசை. 8 கிலோபைட் நினைவகமான 6264 கிடைக்காதபோது 32 கிலோபைட் 62256ஐ இடுவது வழக்கம். இரண்டுக்கும் இருபத்தெட்டுக் கால்கள், பெரும்பாலானவை ஒத்தவை. ஆயின் 6264இல் முதற்கால் இணைப்பற்றது. 62256இல் அதுவே முகவரிக் கம்பி. பழைய பலகையில் அக்கால் எதனோடும் சேராமல் தொங்கும். அதனால் எழுதிய செய்தி ஒருகால் வரும், ஒருகால் மறையும். சில்லே கெட்டது என எண்ணி அதனை எறிந்துவிடுவாரும் உளர். முதற்காலைத் தரையோடு இணைத்தால் குறை தீரும். இருபத்தாறாம் கால் 6264இல் தேர்வுக்கால். 62256இல் அதுவும் முகவரிக் கம்பியே. அது முன்னரே 5 வோல்ட்டோடு பிணைக்கப்பட்டிருப்பின் அவ்வாறே விட்டுவிடலாம். 32 கிலோபைட்டில் 8 மட்டுமே பயன்படும், பிழையில்லை.

நிரல் பொதிந்த 2764க்கு மாற்றாக மின்னாலேயே அழித்தெழுதும் 28சி64ஐ இடலாம். புறஊதா விளக்குத் தேவையில்லை. ஆனால் அதன் இருபத்தேழாம் கால் எழுதும் ஆணைக்குரியது. அதனை 5 வோல்ட்டிலேயே நிறுத்தாவிடில் நிரல் அழிய இடமுண்டு.

மின்னழுத்த எல்லை

இரண்டாவது, சில்லுகள் தம்முள் பேசும் மொழி. 8085இல் முகவரியின் கீழ்ப்பாதியும் செய்தியும் ஒரே கம்பிகளில் மாறி மாறி வருவதால், முகவரியைப் பிடித்து வைக்க 74எல்எஸ்373 என்னும் தாழ் வேண்டும். அது கிடைக்காதபோது கடைக்காரர் 74எச்சி373ஐ நீட்டுவார். எண் ஒன்று, கால் ஒன்று, வேலையும் ஒன்று. ஆயினும் 8085 'ஒன்று' என்று சொல்லும்போது 2.4 வோல்ட்டுக்கு மட்டுமே உறுதி தருகின்றது. எச்சி வகையோ ஏறத்தாழ 3.5 வோல்ட் வந்தால்தான் 'ஒன்று' என ஏற்கும். ஆகவே மேசைமேல் ஓடும் பலகை வெப்பம் மிகுந்த நாளில் ஓடாமற் போகலாம். 2 வோல்ட்டிலேயே 'ஒன்று' என ஏற்கும் 74எச்சிடி373தான் உண்மை மாற்று. நடுவே நிற்கும் 'டி' என்னும் ஓரெழுத்தே பொருளைக் காக்கின்றது.

சுமையும் இங்கே எண்ணத்தக்கது. 8085இன் ஒரு கால் 2 மில்லி ஆம்பியர் வரை தாழ்நிலையில் ஏற்கும். எல்எஸ் உள்ளீடு ஒன்றுக்கு 0.4 மில்லி ஆம்பியர் எனக் கொண்டால் ஐந்து உள்ளீடுகளை அது தாங்கும். பழைய சாதாரண 74 வகையில் உள்ளீடு ஒன்றே 1.6 மில்லி ஆம்பியர் கேட்பதால் ஒன்றுக்கு மேல் தாங்காது.

காலக் கணக்கு

மூன்றாவது, வேகம். 8085ஏ சுமார் 3 மெகா ஹெர்ட்ஸில் ஓடும்போது, முகவரி தந்த பின் செய்திக்காக 575 நானோ நொடி காத்திருக்கும். 450 நானோ நொடி நினைவகம் அதற்குள் விடை தந்துவிடும். தாழுக்கும் பிரிப்பானுக்கும் சிறிது நேரம் கழித்தாலும் போதும். 5 மெகா ஹெர்ட்ஸில் ஓடும் 8085ஏ-2 காத்திருப்பதோ 350 நானோ நொடியே. அங்கே அந்நினைவகம் தோற்கும். மெதுவானதன் இடத்தில் விரைவானதை இடலாம். மறுதலையாகச் செய்தல் ஆகாது. விரைவான சில்லுகள் மின்னிரைச்சலையும் மிகுவிக்குமாதலின், ஒவ்வொன்றின் அருகிலும் 0.1 மைக்ரோ ஃபேரட் மின்தேக்கி வைத்தல் நன்று.

படிகத்திலும் இக்கணக்கு உண்டு. 6.144 மெகா ஹெர்ட்ஸ் படிகத்தைச் செயலி பாதியாக்கி 3.072 மெகா ஹெர்ட்ஸ் தருகின்றது. அதனை 20ஆல் வகுத்து, மேலும் 16ஆல் வகுத்தால் நொடிக்கு 9600 பிட் சரியாகக் கிடைக்கும். எளிதிற் கிடைக்கும் 6 மெகா ஹெர்ட்ஸ் படிகத்தை இட்டால் அது 9375 ஆகும்; பிழை 2.3 விழுக்காடு. எதிர்முனையின் பிழையும் இதனோடு சேர்ந்தால் எழுத்துகள் சிதையலாம். வகுக்கும் எண்ணை 78 ஆக்கி 2400 பிட் வேகத்திற்கு இறங்கினால் பிழை 0.16 விழுக்காடாகக் குறையும். வகுக்கும் 8253 சில்லு 2.6 மெகா ஹெர்ட்ஸுக்கு மேல் தாங்காது. அதன் இடத்தில் 8 மெகா ஹெர்ட்ஸ் தாங்கும் 8254 தக்க மாற்றாகும்.

மின்வழங்கி

உருக்காலைகளும் உருளைப் பட்டறைகளும் மிகுந்த பகுதியில் பெருஞ்சுமை ஏறும்போது மின்னழுத்தம் தாழ்வது இயல்பு. 7805 சீராக்கிக்கு உள்ளே வரும் அழுத்தம் 7 வோல்ட்டுக்குக் குறைந்தால் வெளியே 5 வோல்ட் நிலைக்காது. ஆகவே சிக்கனம் கருதிச் சிறிய மின்மாற்றியையோ சிறிய மின்தேக்கியையோ மாற்றாக இடலாகாது. எல்எம்340-5 என்பது 7805க்கு நேர் மாற்று. 78எல்05 நூறு மில்லி ஆம்பியரே தரும். 8085ஏ ஒன்றே 170 மில்லி ஆம்பியர் வரை கேட்கக்கூடும். எல்எம்317க்கு உடல் ஒன்று, காலின் வரிசை வேறு. அதனை அப்படியே செருகுதல் கேடு.

ஏமாற்றுப் போலி

புறநகர் இரயிலேறிச் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிற்குச் சென்றால் பழைய சில்லுகள் கிடைக்கும். எங்கே வாங்கினும் விழிப்பு வேண்டும். வேறொரு சில்லின் முகப்பைத் தேய்த்து, கருமை பூசி, விலையுயர்ந்த பெயரை அச்சிடும் வஞ்சகம் உலகெங்கும் உண்டு. அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்தால் பூச்சு பல வேளைகளில் பஞ்சோடு வந்துவிடும். வாராததாலேயே மெய்யென முடிவு செய்தலும் கூடாது. பெரும்பாலான சில்லுகளில் நான்கிலக்கத் தேதிக்குறி இருக்கும். 8512 என்றால் 1985ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் வாரம். அச்சில்லோ நிறுவனமோ தோன்றாத காலத்துக் குறி இருப்பின் ஐயுறுக. 80சி85 எனப் பெயர் தாங்கியது நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் அது பழைய 8085ஏ வகையே. குறைந்த மின்சாரத்தில் ஓடுவதே 80சி85இன் இயல்பு.

அளவையில் குறைப்போரைக் கண்டித்தே திருக்குர்ஆனில் 83ஆம் அத்தியாயம் தொடங்குகின்றது. தராசு மாறி அளவைமானி வந்த காலத்தும் அவ்வறம் மாறவில்லை. மாற்றினை மாற்று என்றே சொல்லி விற்பவர் வணிகர். மூலம் என்று சொல்லி விற்பவர் வஞ்சகர்.

முடிவுரை

கால், அழுத்தம், காலம், சுமை ஆகிய நான்கும் ஒத்தால் மாற்று. பெயர் மட்டும் ஒத்தால் போலி. சில்லுகளை நேரே பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகுக. ஒரு வேளையில் ஓர் உறுப்பையே மாற்றுக. மாற்றியதைச் சுற்றுப்படத்தின் ஓரத்தில் தேதியிட்டு எழுதி வைக்குக. நாளை அப்பலகையைத் திறக்கும் வேறொரு தொழிலாளிக்கு அக்குறிப்பே வழிகாட்டி. அதனைத் தமிழிலேயே எழுதினால், அருகிலுள்ள பட்டறைத் தோழரும் படித்துப் பயன் கொள்வர்.