பத்தாம் இலக்கச் சட்டை: வேல்ஸ் நாட்டு றகர் அணியும் அதன் தெரிவுப் பூசலும்

பிரித்தானியத் தீவின் மேற்கோரத்தே மலையும் பள்ளத்தாக்குமாய்க் கிடக்கும் வேல்ஸ் நாட்டின் குடித்தொகை முப்பது இலட்சத்தைச் சிறிதே விஞ்சியது. நிலக்கரிச் சுரங்கங்கள் வாழ்வளித்த காலத்தில் தேவாலயப் பாடலும் றகர் ஆட்டமுமே அம்மக்களின் இரு பெரும் பற்றுக்களாய் இருந்தன என்பர். சுரங்கங்கள் மூடப்பட்டன, தேவாலயங்களிலும் கூட்டம் அருகிற்று, றகர் மாத்திரம் நிலைத்தது. அதனோடு நிலைத்தது பிறிதொன்றும் உண்டு. நாட்டணியிலே பத்தாம் இலக்கச் சட்டையை அணியத் தக்கார் யாவர் என்னும் வழக்கே அது. தந்தை தொடங்கிய வாதத்தை மைந்தன் தொடர்வது அங்கே புதுமையன்று.

பதினைவருள் ஒருவரைப் பற்றி மாத்திரம் இத்துணைப் பூசல் ஏன் எழவேண்டும் என்பதை ஆட்டத்தின் அமைப்பே உணர்த்தும். றகர் அணியில் முன்னணியார் எண்மர். தோளோடு தோள் பொருதிப் பந்தை வென்று தருவது அவர் கடன். பின்னணியார் எழுவர். வென்ற பந்தை ஒன்பதாம் இலக்க வீரர் எடுத்து எறிய, அதனை முதலில் ஏற்பவர் பெரும்பாலும் பத்தாம் இலக்க வீரரே. கையாற் பந்தை முன்னோக்கி எறிதல் விதிக்கு மாறு. ஆதலின் அவர் தாமே பந்தோடு ஓடலாம். பக்கத்தே பின்தங்கி வரும் தோழருக்கு வழங்கலாம். அன்றி எதிரணியின் பின்புறத்தே விழுமாறு உதைக்கலாம். இம்மூன்றனுள் ஒன்றைத் தெரிய அவருக்குக் கிடைப்பது ஒரு நொடி. மிஞ்சினால் இரு நொடி. அதற்குள் எதிரிகள் அவர் மார்பை நோக்கிப் பாய்ந்து வந்துவிடுவர். கிரிக்கெற்றிலே துடுப்பாளர் பிழைவிடின் அவர் ஒருவரே வெளியேறுவார். இங்கே ஒருவர் பிழைக்கு அணி முழுவதும் விலை கொடுக்கும்.

இத்தகைய வீரரின் தரத்தை எக்கோல் கொண்டு அளப்பது? ஓட்டத்தின் அழகா, உதையின் திருத்தமா, தோழரை ஆட்டுவிக்கும் திறனா? பார்வையாளர் பெரும்பாலும் முன்னவரின் நினைவையே கோலாகக் கொண்டனர். தெரிவாளரும் சில வேளை அவ்வாறே செய்தனர். பத்தாம் இலக்க வீரரின் தரம் அவரிடத்து மாத்திரம் உள்ளதன்று, உடனாடும் பதினால்வரோடும் கூடியே வெளிப்படுவது என்பதை இரு சாராரும் மறந்தமையே இப்பூசலின் வேர்.

1950களில் அச்சட்டை பெரும்பாலும் கிளிவ் மோர்கனுக்கு உரியதாயிருந்தது. றொண்டாப் பள்ளத்தாக்கிற் பிறந்த அவர், 1955 இல் தென்னாபிரிக்கா சென்ற லயன்ஸ் அணியில், அதாவது பிரித்தானிய, அயர்லாந்து நாடுகளின் கூட்டணியில், பெரும்புகழ் ஈட்டினார். அவர் காலத்தே வாழ்ந்தமை கார்வின் ஜேம்ஸ் என்னும் மற்றொரு வல்லாளருக்குத் தீங்காயிற்று. வேல்சுக்காக ஜேம்ஸ் ஆடியது 1958 இல் இரு தடவைகள் மாத்திரமே. ஆயினும் ஆட்டத்தை அவர் நுணுகி ஆராய்ந்தார். 1971 இல் நியூசிலாந்து சென்ற லயன்ஸ் அணிக்கு அவரே பயிற்சியாளர்.

அவ்வணியின் பத்தாம் இலக்க வீரர் பாரி ஜோன். இருவரும் ஒரே சிற்றூரிற் பிறந்தவர்கள். முதற் போட்டியில் ஜோனின் உதைகள் எதிரணியின் கடைக்காவலரை மைதானத்தின் இரு கரைக்கும் அலைக்கழித்தன. அக்காவலர் பின்னர் நியூசிலாந்துக்காக ஆடவேயில்லை. நான்கு போட்டிகளில் லயன்ஸ் பெற்ற 48 புள்ளிகளுள் 30 ஜோனுக்கு உரியவை. தொடர் 2–1 என வெல்லப்பட்டது. ஒரு போட்டி சமநிலையில் முடிந்தது. நியூசிலாந்து மண்ணில் லயன்ஸ் வென்ற தொடர் இஃதொன்றே. அவரை மக்கள் ‘அரசர்’ என்றழைத்தனர். அழைப்போடு நின்றாரல்லர், விழாவொன்றில் ஓர் இளம்பெண் முழங்கால் மடித்து அவரை வணங்கினாள். அத்தகைய வழிபாட்டைத் தாங்க மாட்டாது, 1972 இல், தமது 27 ஆம் வயதில், அவர் ஆட்டத்தைத் துறந்தார். அவ்வாறு துறந்தமை அவர் புகழை முதுமை தீண்டாது காத்தது. அடுத்து வந்தவருக்கோ அதுவே பெருஞ்சுமை ஆயிற்று.

அடுத்து வந்தவர் லனெல்லிக் கழகத்தின் பில் பென்னெற். ஜோன் காற்றில் மிதப்பவர் போலச் செல்வார். பென்னெற்றோ உள்ளங்காலை ஊன்றித் திடீரெனத் திசை மாறுவார். 1973 சனவரியில் கார்டிவ் நகரில் பார்பேரியன்ஸ் அணிக்காக நியூசிலாந்தை எதிர்த்து ஆடியபோது, தம் கோட்டருகே பந்தை எடுத்து எதிரிகள் பலரை அவர் அவ்வாறு ஏமாற்றித் தொடக்கிய நகர்வு, கரெத் எட்வேட்ஸின் கையால் முடிவுற்றது. அதனை வர்ணித்தவர் கிளிவ் மோர்கனே. 1974 இல் தென்னாபிரிக்காவிலே தோல்வியே காணாத லயன்ஸ் அணியிலும் பென்னெற் பத்தாம் இலக்கம் அணிந்தார்.

இத்துணையும் செய்த ஒருவரை 1975 சனவரியிலே தெரிவாளர் நீக்கினர் என்றால் வியப்பு எழாதிராது. அக்காலத்தே வேல்ஸ் அணியைத் தெரிந்தவர் ‘பெரிய ஐவர்’ எனப்பட்ட குழுவினர். அலங்காரமற்ற, நம்பத்தக்க ஆட்டத்தினரான ஜோன் பெவனை அவர்கள் விரும்பினர். பாரிசில் ஆடிய புதிய அணி 25–10 என வென்றது. தெரிவு தவறன்று என்பதற்கு இதுவே சான்றென ஒரு சாரார் கூறினர். அவ்வணியின் முன்னணியார் எவர் பந்தைப் பெறினும் வெல்லத்தக்க வலிமை உடையவர் என்றனர் மற்றொரு சாரார். மேற்கு வேல்ஸ் மக்களோ, தம்மூராரைத் தெரிவாளர் புறக்கணித்தனர் என்று தம் பழைய முறைப்பாட்டைப் புதுப்பித்தனர்.

1976 இல் நிலைமை இன்னும் விந்தையாயிற்று. பெவனுக்கும் டேவிட் றிச்சட்ஸ் என்பவருக்கும் அடுத்ததாக, மூன்றாம் நிலையிலே பென்னெற் வைக்கப்பட்டார். இங்கிலாந்துடனான போட்டி அணுகியபோது முன்னிருவரும் காயமுற்றனர். பென்னெற்றை அழைப்பதன்றி வேறு வழியில்லை. அவர் ஆடினார், வேல்ஸ் அவ்வாண்டு நான்கு எதிரிகளையும் வென்றது. மறு ஆண்டில் அவர் நாட்டணிக்கும் லயன்ஸ் அணிக்கும் தலைவரானார்; 1978 இல் அவர் தலைமையில் வேல்ஸ் மீண்டும் நால்வரையும் வென்றது. இரு காயங்கள் நேர்ந்திராவிடின் இவையாவும் எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை எத்தெரிவாளரும் சொல்லல் இயலாது.

குழுவாகத் தெரியும் முறையின் குறையைக் கார்வின் ஜேம்ஸ் முன்னரே கண்டிருந்தார். 1974 இல் வேல்ஸ் அணியின் பயிற்சியாளர் பதவி பற்றிய பேச்செழுந்தபோது, தெரிவிலே பயிற்சியாளரின் சொல்லே மேலோங்க வேண்டும் என்பது அவர் நிலை. ஐவர் ஆட்சியை விட்டுக்கொடுக்கச் சங்கம் இசையாது என்றறிந்து அவர் விலகினார். நியூசிலாந்தை அதன் மண்ணிலே வென்ற அம்மனிதர் தம் சொந்த நாட்டணிக்கு ஒருபோதும் பயிற்சியளித்ததில்லை. வேல்ஸ் றகர் தனக்குத்தானே இழைத்த கேடுகளுள் இதனினும் பெரியது வேறில்லை எனலாம்.

பின்னாளில் பூசலின் திசை மாறிற்று. முன்னர்த் தெரிவாளர் நீக்கியவருக்காக மக்கள் வாதிட்டனர். 1990களிலோ தெரிவாளர் கொண்டவரையே மக்கள் பலர் ஏற்க மறுத்தனர். நீல் ஜென்கின்ஸ் 1991 இல், தமது 19 ஆம் வயதில், அணியிற் சேர்ந்தார். ஜோனின் மிதப்போ பென்னெற்றின் துள்ளலோ அவரிடம் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தின் அடியிலே பத்தாம் இலக்க வீரரை வார்க்கும் தொழிற்சாலை ஒன்று உண்டென மக்ஸ் பொய்ஸ் என்னும் பாடகர் 1970களில் வேடிக்கையாகப் பாடியிருந்தார். அத்தொழிற்சாலையின் வார்ப்பன்று ஜென்கின்ஸ் என முணுமுணுத்தோர் பலர். அவர் சில காலம் கடைக்காவலர் இடத்துக்கும் மாற்றப்பட்டார். ஆனால் அவ்விடத்தில் நின்றே 1997 இல் தென்னாபிரிக்காவில் லயன்ஸ் தொடரை வெல்ல உதவினார். டேர்பனில் 18–15 என முடிந்த போட்டியில் 15 புள்ளிகள் அவர் காலிற் பிறந்தவை.

1999 ஏப்பிரல் 11 ஆந் திகதி நிகழ்ந்தது வேறு. கார்டிவ் அரங்கு மீளக் கட்டப்பட்டமையால் வேல்ஸ் அணி தனக்குரிய போட்டியை இலண்டன் வெம்பிளியில் ஆடிற்று. இறுதிக் கணங்களில் ஸ்கொட் கிப்ஸ் எதிரிகளை ஊடறுத்துச் சென்று பந்தைக் கோட்டுக்கப்பால் ஊன்றினார். 30–31, இன்னும் ஒரு புள்ளி பின்னே. ஊன்றலின் பின் உதைக்கப்படும் உதை கம்பங்களிடையே சென்றால் இரு புள்ளி. ஓடத் தெரியாதவர் என்று பழிக்கப்பட்ட ஜென்கின்ஸ் பந்தை நிலத்தில் நிறுத்தி, பின்வாங்கி, உதைத்தார். வேல்ஸ் 32–31 என வென்றது. அன்றைய 32 புள்ளிகளுள் 22 அவருடையவை. 2001 இல், நாடுகளுக்கிடையிலான போட்டிகளில் ஆயிரம் புள்ளி கடந்த முதல்வீரர் என்னும் பேறும் அவருக்குக் கிடைத்தது.

அதன்பின் ஸ்ரீவன் ஜோன்சா ஜேம்ஸ் ஹூக்கா என்ற வழக்கு எழுந்தது. ஒருவர் நிதானி, மற்றவர் துணிவாளர். டான் பிகர் நூற்றுக்கு மேற்பட்ட போட்டிகளில் ஆடியும் அவரை ஐயுற்றோர் ஓயவில்லை. 2023 உலகக் கிண்ணத்தில் ஆர்ஜென்ரீனாவிடம் தோற்றதோடு அவர் நாட்டணியிலிருந்து விலகினார். பிகருக்குப் பல ஆண்டு உதைப் பயிற்சி அளித்தவர் நீல் ஜென்கின்ஸ்.